ஜவ்வாது மலையில் கிடைத்த ஒரு சிறுகோள்

(பிப்ரவரி 17 மாலை நம் குடியிருப்பின் மொட்டை மாடியில் நடந்த ‘வானம் பார்ப்போம்’ சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாத குடும்பங்களுக்காக இந்தக் காலாண்டு இதழில் தருகிறோம்.)



மாடி விளக்குகளை அணைத்த அடுத்த நிமிடமே கீழே இரண்டு வீடுகளிலிருந்து செக்யூரிட்டிக்குப் போன் வந்ததாம். கரன்ட் போய்விட்டதா, ஜெனரேட்டரை ஏன் போடவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். கரன்ட் போகவில்லை. நாம்தான் அணைத்து வைத்திருக்கிறோம். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். அதுவரை என் பேச்சைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேசுவதற்கு விஷயம் தேடி நான் அலையவில்லை. போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: “பேத்திக்கு முதல் பிறந்தநாள் வருகிறது. பணம் கட்டினால் வானத்தில் ஒரு நட்சத்திரத்துக்கு அவள் பெயரை வைத்துச் சான்றிதழ் தருகிறோம் என்று இணையத்தில் விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?” அதற்கு வந்த பதில்களில் பாதி கேலி, பாதி வாழ்த்து. சரியான பதிலை யாரும் சொல்லவில்லை. இன்று அதைச் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

ஒரு வரியில் சொன்னால், நம்ப வேண்டாம். அந்தச் சான்றிதழ் சுவரில் மாட்ட அழகாக இருக்கும். எந்த வானியலாளரின் பட்டியலிலும் அந்தப் பெயர் ஏறாது. ஆனால் வானத்தில் உண்மையிலேயே பெயர் பெற்றவர்கள் உண்டு, நம் ஊர்ப் பக்கத்து ஆட்களும் அதில் உண்டு. அப்படி ஒரு பெயர் எப்படிக் கிடைத்தது என்பதுதான் இன்றைய கதை. இன்றைய தேதியைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுதான் காரணம்.

1988 பிப்ரவரி 17. மாசி அமாவாசை நாள். இங்கிருந்து கிழக்கும் வடக்குமாக, காகம் பறக்கும் வழியில் அளந்தால் 90 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. திருப்பத்தூர் வழியாகப் போனால் ஆலங்காயத்துக்கு அப்பால். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். அங்கே இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தில் அன்றிரவு ஆர். ராஜமோகன் என்ற வானியலாளரும் அவருடைய குழுவினரும் வானத்தைப் படமெடுத்தார்கள். அந்தப் படத்தில் இதுவரை யாரும் பதிவு செய்யாத ஒரு புள்ளி இருந்தது. அதுதான் இன்றைக்கு ‘4130 ராமானுஜன்’ என்று உலகம் முழுவதும் வழங்கும் சிறுகோள்.

சிறுகோள் என்றால் என்ன என்று குழந்தைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அங்கே பாறைகளும் பாறைத் துண்டுகளும் லட்சக்கணக்கில் சூரியனைச் சுற்றுகின்றன. கோள்கள் உருவான காலத்தில் ஒன்றுசேர முடியாமல் நின்றுபோன மிச்சம் அவை. அந்த இடத்தைச் சிறுகோள் பட்டை என்கிறார்கள். சினிமாவில் காட்டுவதுபோல் அங்கே பாறைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதில்லை. எல்லாவற்றையும் கூட்டி உருட்டினாலும் நம் நிலாவின் எடையில் நூற்றில் நான்கு பங்குகூடத் தேறாது. முதல் சிறுகோளான சீரிஸை இத்தாலியின் பலெர்மோ நகரில் பியாட்ஸி 1801 ஜனவரி 1 அன்று கண்டார்.

ராமானுஜனை நீங்கள் இந்த மாடியிலிருந்து பார்க்க முடியாது. வெறும் கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான விண்மீனைவிட அது ஆயிரம் மடங்குக்கும் மேல் மங்கல். பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் அது ஒரு புள்ளிதான். ஆயிரக்கணக்கான விண்மீன்களும் புள்ளிகள்தான். அப்படியானால் இது சிறுகோள் என்று எப்படித் தெரிந்தது?

நகர்கிறது என்பதால் தெரிந்தது. இதற்காகவே ஷ்மிட் என்ற வகைத் தொலைநோக்கி இருக்கிறது. ஒரே பார்வையில் அகலமான வானப்பரப்பைப் படமெடுக்கும். காவலூரில் இருந்தது அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான விட்டம் கொண்டது. அதை வைத்து ‘கல்கி’ என்ற பெயரில் சிறுகோள், வால்விண்மீன் தேடும் திட்டம் ஒன்றை நடத்தினார்கள். ஒரே இடத்தை நேரம் விட்டு இருமுறை படமெடுப்பார்கள். விண்மீன்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு புள்ளி மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றால் அது நம் சூரியக் குடும்பத்து ஆள். இன்று கணினி அதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். அன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனிதக் கண்தான் தேட வேண்டும்.

எங்கே தேடுவது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கும்போதுதான் சிறுகோள் நமக்கு அருகிலும் பிரகாசமாகவும் இருக்கும். பெரியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். மாசிப் பௌர்ணமி நிலா மக நட்சத்திரத்தின் பக்கம் நிற்கிறது, அதனால்தான் மாசி மகம். பௌர்ணமி நிலா நிற்கும் இடமே சூரியனுக்கு எதிர்ப்பக்கம். ஆகவே மாசி மாதத்தில் சிறுகோள் தேடுகிறவர்கள் பொதுவாகப் பார்ப்பது மகம் இருக்கும் சிம்மராசிப் பக்கம்தான். ஆனால் பௌர்ணமியில் அல்ல, அமாவாசையை ஒட்டி, நிலா இல்லாத இருட்டில்.

கண்டுபிடித்த உடனே பெயர் வைத்துவிட முடியாது. முதலில் கிடைப்பது ஒரு தற்காலிக அடையாளம்தான். இதற்குக் கிடைத்தது ‘1988 டிக்யூ1’. கார் நம்பர் மாதிரி இருக்கிறது, ஆனால் அதற்குள் விவரம் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளில் ஏ என்றால் ஜனவரி முதல் பாதி, பி என்றால் இரண்டாம் பாதி, சி பிப்ரவரி முதல் பாதி, டி பிப்ரவரி இரண்டாம் பாதி. ஆகவே 1988 பிப்ரவரி இரண்டாம் பாதியில் கிடைத்தது. அடுத்த எழுத்து வரிசை எண். எழுத்து ‘ஐ’யை விட்டுவிட்டு எண்ணினால் ‘க்யூ’ 16-ஆவது. பின்னால் வரும் 1, ஒரு முழுச் சுற்றான 25 முடிந்துவிட்டது என்பதற்கு. 25-உம் 16-உம் 41. அந்த அரை மாதத்தில் உலகம் முழுவதும் பதிவான 41-ஆவது பொருள் இது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. ஓர் இரவுப் படத்தை வைத்து அதன் பாதையைச் சொல்ல முடியாது. அதைப் பின்தொடர வேண்டும். சிறுகோள் பட்டையில் இருக்கும் ஒரு கல் சுமார் 15, 16 மாதங்களுக்கு ஒருமுறைதான் நமக்குத் தோதான இடத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் அதைத் தவறவிடாமல் பிடிக்க வேண்டும். பழைய படங்களில் தற்செயலாக விழுந்திருக்கிறதா என்றும் துழாவ வேண்டும். அடுத்த முறை எங்கே இருக்கும் என்று நிச்சயமாகச் சொல்லும் அளவுக்குப் பாதை உறுதியான பிறகே நிரந்தர எண் கொடுக்கிறார்கள். அதுதான் 4130. எண் கிடைத்த பிறகே பெயர்.

பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. எண் கிடைத்ததிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு அந்த உரிமை இருக்கும். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு அதைப் பரிசீலித்து ஒப்புக்கொள்ளும். 16 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. வாயில் நுழைய வேண்டும். யார் மனத்தையும் புண்படுத்தக் கூடாது. வியாபாரப் பெயர் கூடாது. செல்லப் பிராணியின் பெயரை விரும்புவதில்லை. அரசியல், ராணுவத்தில் பேர் வாங்கியவர்கள் என்றால் இறந்து நூறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கட்டணம் என்று ஒரு பைசா கிடையாது. நம் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பெயர் வைப்பதைவிடக் கடுமையான விதிகள்.

1987-இல் தான் கணிதமேதை ராமானுஜனின் நூற்றாண்டு கொண்டாடப்பட்டது. ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 32 வயதில் மறைந்தவர். நூற்றாண்டு முடிந்த கையோடு தமிழ்நாட்டு மலையில் கிடைத்த சிறுகோளுக்கு அவர் பெயர் போனது. ராமானுஜன் என்றதும் நினைவுக்கு வரும் எண் 1729. அந்த எண்ணையே கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். முடியாது. எண்கள் வரிசைப்படிதான் வரும். 1729 அதற்கு முன்பே பெரில் என்ற சிறுகோளுக்குப் போய்விட்டது.

காவலூரில் அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு ஜனவரி 26 அன்று கிடைத்த சிறுகோளுக்கு ‘8348 பட்டாச்சார்யா’ என்று பெயர். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஜே.சி. பட்டாச்சார்யாவின் பெயர் அது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதே காவலூரிலிருந்து அதைப் பதிவு செய்தவர்களில் ஒருவர் அவர். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அந்த இரவில்தான். காவலூரை இடம் பார்த்து உருவாக்கிய வைணு பாப்புவின் பெயரிலும் ஒரு சிறுகோள் இருக்கிறது, எண் 2596.

ராமானுஜன் கிடைத்தபோது அது செய்தியானதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்திய மண்ணிலிருந்து அதற்கு முன் சிறுகோள் கண்டறியப்பட்டு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பழைய கதையும் தமிழ்நாட்டுக் கதைதான். சென்னையில் நுங்கம்பாக்கத்தில் நடந்தது.

நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் ஒரு வானாய்வகம் கட்டியது. இன்று வானிலை மையம் இருக்கும் அதே வளாகம்தான். மழைக்காலத்தில் தினமும் டிவியில் பார்க்கிறோமே, அந்த இடம். அதன் அரசு வானியலாளராக 1861-இல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் வந்தார். வந்த சில வாரங்களில், ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர் வைத்தார்கள். எண் 67. அன்று நம் தருமபுரி தனி மாவட்டம்கூட இல்லை, சேலத்தின் ஒரு பகுதி.

அப்போது புகைப்படம் எடுத்துத் தேடும் வழக்கம் வரவில்லை. தொலைநோக்கியில் கண் வைத்து, விண்மீன் வரைபடத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி தெரிந்தால் அடுத்த நாளும் பார்க்க வேண்டும். அப்படியே சென்னையிலிருந்து 1864-இல் சாப்போ, 1866-இல் சில்வியா, 1868-இல் கமில்லா, 1885-இல் வேரா என்று மொத்தம் ஐந்து. இதில் சில்வியா சாதாரணக் கல் இல்லை. அதற்கு இரண்டு குட்டி நிலாக்கள் இருப்பது 2005-இல் தெரியவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட நிலா உள்ள சிறுகோள் என்று முதன்முதலில் அறியப்பட்டது அதுதான். நுங்கம்பாக்கத்தில் ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்த புள்ளி, சுமார் 140 ஆண்டுகள் கழித்து மூன்று பேர் கொண்ட குடும்பமாக மாறியது.

அந்த வானாய்வகத்தில் நம்மவர் ஒருவரும் இருந்தார், சிந்தாமணி ரகுநாதாசாரி. 1867-இல் தென்வானில், ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது பொதுமக்களுக்குப் புரியும்படி ஒரு சிறு நூல் எழுதினார். பஞ்சாங்கக் கணக்கை நேரடி வானப் பார்வையோடு ஒத்துப்போகும்படி திருத்த வேண்டும் என்று பாடுபட்டார். போக்சனின் மகளும் அதே ஆய்வகத்தில் உதவியாளராகப் பல ஆண்டுகள் உழைத்தார். அவர் பெயர் ஐசிஸ். சென்னைக்கு வருமுன் போக்சன் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுபிடித்த முதல் சிறுகோளின் பெயரும் ஐசிஸ்தான்.

நுங்கம்பாக்கத்தின் வானியல் வேலை 1899-இல் கொடைக்கானலுக்குப் போனது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று பெங்களூரைத் தலைமையாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனம். காவலூர் அதன் பிள்ளை. ஆக, 67 ஆசியாவும் 4130 ராமானுஜனும் ஒரே பரம்பரை.

ஏன் நுங்கம்பாக்கத்திலேயே தொடரவில்லை? இன்று அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் காரணம் புரியும். நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு சிறுகோளைக் கண்ணாலேயே தேடிப் பிடிக்கும் அளவுக்கு இருட்டாக இருந்த இடம் அது. இன்று வானமே ஆரஞ்சு நிறம். காவலூருக்கு மலையும் காடும் கொஞ்சம் காவல். ஆனாலும் சுற்றியுள்ள ஊர்களின் வெளிச்சம் அதையும் நெருங்குகிறது. நம் நாட்டின் புதிய தொலைநோக்கிகள் லடாக்கில் ஹான்லேக்குப் போய்விட்டன, 4,500 மீட்டர் உயரத்துக்கு. 2022-இல் அந்தப் பகுதியை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்குள்ள கிராம மக்கள் விளக்குக்கு மூடி போட்டு, ஜன்னலுக்குத் திரை போட்டு அதைக் காக்கிறார்கள்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த பொதுக்குழுவில் மொட்டை மாடிக்கும் சுற்றுச்சுவருக்கும் புதிய எல்இடி ஃபிளட் லைட் போடுவது பற்றி வாக்கெடுப்பு இருக்கிறது. பாதுகாப்புக்கு வெளிச்சம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்களும், படியிறங்கும் முதியவர்களும் இருக்கிறார்கள். நம் விளக்கு 90 கிலோமீட்டர் தாண்டிக் காவலூர்த் தொலைநோக்கியைக் கெடுத்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அது கெடுப்பது நம் பிள்ளைகள் பார்க்கும் வானத்தை.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, விளக்கு எதுவானாலும் தலைக்கு மூடி போட்டு வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி அமைப்போம். பக்கவாட்டில் அடிக்கும் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், அதன் நிழலில் நிற்கும் ஆளைக்கூட மறைக்கும். இரண்டு, நீலச்சாயல் கொண்ட வெள்ளை விளக்கு வேண்டாம், இளமஞ்சள் விளக்கு போதும். நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும். பகலில் வானம் நீலமாக இருப்பதும் அதனால்தான். மூன்று, மாடி விளக்குகளை ஆள் வந்தால் எரியும் சென்சாரில் இணைப்போம். மின்கட்டணமும் குறையும், மெயின்டனன்ஸ் கணக்குப் பார்ப்பவர்கள் என்னை வாழ்த்துவார்கள்.

பேத்திக்கு நட்சத்திரம் வாங்க நினைத்த நண்பருக்கு என் பதில் இதுதான். அந்தப் பணத்தில் ஒரு நல்ல பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். இன்று சிறுகோள் தேடல் வானாய்வகத்தில் இருப்பவர்களின் வேலை மட்டும் இல்லை. பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களைப் பள்ளி மாணவர்களுக்கே அனுப்பித் தேடச் சொல்லும் சர்வதேசத் திட்டங்கள் இருக்கின்றன, கட்டணம் இல்லாமல். 2020-இல் சூரத்தைச் சேர்ந்த இரண்டு பள்ளி மாணவிகள் அப்படித் தேடி ஒரு சிறுகோளைக் கண்டு செய்தியானார்கள். வாங்கிய பெயர் சுவரோடு போகும். தேடிக் கிடைத்த பெயர் ராமானுஜனைப்போல் சூரியனைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காவலூரில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். முன்கூட்டி விசாரித்துக்கொண்டு, ஒரு வேன் பேசி, குழந்தைகளோடு எல்லோரும் ஒருநாள் போய் வருவோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அலுவலக நோட்டில் எழுதிவையுங்கள்.

சரி, இருபது நிமிடம் ஆகிவிட்டது. இப்போது அண்ணாந்து பாருங்கள். உச்சிக்குப் பக்கத்தில் சிவப்பாகத் தெரிவது திருவாதிரை. மேற்கே கொத்தாக இருப்பது கார்த்திகை. தெற்கே, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தாழ்வாக மின்னுவது அகத்தியர் விண்மீன். சற்று முன் விளக்கு எரிந்தபோது இவற்றில் எத்தனையைப் பார்த்தீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கிழக்கே மேலேறி வருகிறதே, அதுதான் மகம். அதன் பக்கத்து இருட்டில், கண்ணுக்குத் தெரியாமல், பெயர் கிடைக்காத கற்கள் இன்னும் ஏராளம் இருக்கின்றன.

 சுண்டல் படிக்கட்டுப் பக்கம் இருக்கிறது. டார்ச்சைத் தரையை நோக்கிப் பிடித்து நடங்கள்.